ஆள் நிற்கிற இடம்

"பிளேன் நின்னதும் எல்லாரும் எந்திரிச்சுக்குவாங்க. நீ எந்திரிக்காத. எறங்கி உள்ள போனா அட்டை ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க, அங்க பேனாவுக்கு அலையணும். ஒண்ணு சட்டைப் பையில வச்சுக்க. வரிசையில எடது கோடிக்குப் போ, அதுதான் சீக்கிரம் நகரும். பெட்டி வர்ற பெல்ட்டுக்கு நேரா நிக்காத, வளைவுல நில்லு, இடி வாங்காம தூக்கலாம். டாயிலட்டு பின்பக்கம். வெளிய வந்தா கம்பி போட்டிருக்கும். கம்பிக்கு அந்தாண்ட ஒரு வேப்பமரம். மரத்தடியில என் தங்கச்சி குடை புடிச்சுக்கிட்டு நிப்பா. மழை இல்லாட்டியும் விரிச்சுத்தான் வச்சிருப்பா. கைப்பிடியில செவப்புத் துணி கட்டியிருக்கும் பாரு."

நான் முதல் தடவை திருச்சிக்குப் போனபோது எங்கள் தோட்டத்து அக்கா எனக்குச் சொல்லி அனுப்பியது இது. அப்போது நான் கல்யாணமான புதிது. குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போனோம். சொன்னபடியே எல்லாம் இருந்தது. இடது கோடி வரிசைதான் நகர்ந்தது. வளைவில் நின்றுதான் பெட்டியைத் தூக்கினேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, வேப்பமரத்தடியில் ஒரு அம்மா கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மைலோ பாக்கெட்டும் கோடாலித் தைலமும் இருந்த பார்சலை வாங்கிக்கொண்டு, "அக்கா எளச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டது. அதற்குள் அதற்குக் கண் நிறைந்துவிட்டது.

திரும்பி வந்ததும் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய், "எத்தனை தடவக்கா திருச்சிக்குப் போயிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செத்தவளுக்கு எவன்டா பாஸ்போர்ட்டு குடுப்பான்?"

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நான்தான் மண்டு, அதுவரை தெரிந்துகொள்ளவில்லை. அக்காவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டு மாதத்தில் இறந்திருக்கிறது. அடுத்ததும் பெண்ணாகப் பிறக்கவே, போனவளே திரும்பி வந்தாள் என்று அதே பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம். அக்காவின் பிறப்பை அப்பா பதியப் போகவில்லை. போனால் ஒரு நாள் வேலை கெடும். மூத்தவளின் பிறந்த பத்திரம்தான் வீட்டில் இருக்கிறதே, பெயரும் அதேதானே என்று இருந்துவிட்டார். தோட்டத்துக் கணக்கர் கிராணியும் சரி என்றாராம். பன்னிரண்டு வயதில் ஐசி, அடையாள அட்டை, எடுக்கப் போன இடத்தில் ஆபீஸ்காரர் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை எப்போதோ செத்துப்போயிற்றே என்றார். நடந்து நடந்து கடைசியில் கிடைத்தது சிவப்பு ஐசி. இந்த நாட்டிலேயே பிறந்தவர், இந்த நாட்டுப் பிரஜை இல்லை. சிவப்பு ஐசிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வேறொரு கடுதாசி வாங்கிப் போகலாம் என்று யாரோ சொல்ல, அதற்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் பிறந்த பத்திரம் கேட்டார்கள்.

பிரஜை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று ஒரு காலம் வந்ததே, அப்போது அது கிடைக்காமல் தோட்டத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அக்காவின் அப்பா அம்மாவும் கடைக்குட்டியும் அதில் போனவர்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, கல்யாணம் முடிந்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். கிள்ளான் துறைமுகத்தில் பத்து வயதுத் தங்கச்சி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். புருஷன் சில வருஷத்தில் டிராக்டர் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அக்காவுக்கென்று மிச்சமிருந்தது அந்தத் தங்கச்சி ஒன்றுதான்.

எங்கள் பக்கம் சிப்பாங்கில் பெரிய ஏர்போர்ட்டைத் திறந்ததும் தோட்டத்து வாசலுக்கே பஸ் வந்து துப்புரவு வேலைக்கு ஆள் ஏற்றியது. அக்கா முதல் ஆளாக ஏறினார். மற்றவர்கள் சம்பளத்துக்குப் போனார்கள். அக்கா திருச்சி பிளேனுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று போனார். மாப்பும் வாளியுமாக அங்கே நின்றுகொண்டு திருச்சியிலிருந்து வந்து இறங்குகிறவர்களையெல்லாம் மடக்குவார். "ஐயா, அங்க இப்ப வெளிய எறங்கறது எந்தப் பக்கம்?" "அம்மா, டாக்சிச் சீட்டு குடுக்கிற எடம் வலப்பக்கமா, எடப்பக்கமா?" ஒரு தடவை சிரம்பானில் பெரிய கடை வைத்திருக்கும் ஒருவரைக் கழிப்பறை வாசலிலேயே நிறுத்தி, அங்கே தரை வழுக்குமா என்று கேட்டிருக்கிறார். அவர் பயந்துபோய் இரண்டு ரிங்கிட் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். அக்காவுக்கு வந்த கோபம்! "பிச்சையா கேட்டேன்? தகவல்தானே கேட்டேன்!"

கோயில் கமிட்டியில் ஒருவர், பேரைச் சொல்ல வேண்டாம், எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவார். திருவிழாக் கூட்டத்தில், டாக்சிச் சீட்டு வலப்பக்கம் என்றார். அக்கா இடப்பக்கம் என்றார். "நான் மூணு மொற போய்ட்டு வந்தவன். நீ தோட்டத்தைத் தாண்டாதவ, உனக்கென்ன தெரியும்?" என்று சபையில் கேட்டுவிட்டார். அடுத்த மாதம் அவரே திருச்சிக்குப் போய்வந்து, நேரே அக்கா வீட்டுக்குப் போய், "எடப்பக்கம்தான் தங்கச்சி. மாத்திட்டான் போலிருக்குலா" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆக, ஊரில் யார் திருச்சிக்குப் போனாலும் என் வேனில் ஏறுவதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு நடை போய் வழி கேட்டு, தங்கச்சிக்கு ஒரு பார்சலும் வாங்கி வருவார்கள். சுவா, மம்பா என்று அடுத்த ஊர்களிலிருந்தும்கூட வருவார்கள். பெயரே திருச்சி அக்கா என்று ஆகிவிட்டது.

நான் வேன் ஓட்டியவன். சிப்பாங்குக்கு ஆள் ஏற்றி இறக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் என்ன மாற்றினாலும் என் வேனில்தான் முதலில் பேச்சு நடக்கும். கண்ணாடி போட்டுட்டான், குளுகுளுன்னு இருக்கு, பாலம் வந்து பிளேன் கதவுலயே ஒட்டுது, நடக்கவே வேண்டாம் என்பார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்பார். "ஆளு எங்க நிக்கிறது?"

வேப்பமரத்தை வெட்டினார்கள். தங்கச்சி தகரக் கொட்டகைக்கு மாறினாள். கொட்டகையைப் பிரித்தார்கள். தூணுக்குப் பக்கம் போனாள். அந்த ஏர்போர்ட் வளர வளர, ஆள் நிற்கிற இடம் தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தடவையும் போய்வந்தவர்களிடம் விசாரித்து, கடுதாசி எழுதி, பிறகு போன் போட்டு, இங்கே நில்லு, அங்கே நில்லு என்று தங்கச்சியை நிறுத்தி வைப்பது அக்காதான். அந்தக் குடைகூட இங்கே சிரம்பான் பாசாரில் வாங்கி அனுப்பியது.

"தங்கச்சியை இங்க வரச் சொல்லலாமேக்கா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் இல்லை. பல வருஷம் சீட்டுக் கட்டி அந்த அம்மா பாஸ்போர்ட் எடுத்தது. டிக்கெட் போடுகிற சமயத்தில் கொரோனா வந்து உலகத்தையே மூடிவிட்டார்கள். திறப்பதற்குள் அதற்குக் காது போய்விட்டது. காது கேட்காத மனுஷி தனியாக எப்படி ஏறி இறங்கும்? மகன் லோட் வண்டி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். வருகிற அன்று போனில் முகம் காட்டுவான். ஒரு தடவை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அந்த போன் வந்தது. இந்தப் பக்கம் அக்கா கத்துகிறார், "சாப்டியாடீ? சாப்டியா?" அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காமல் தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அக்காவும் கத்துவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அப்புறம் திருச்சியில் புத்தம்புதிதாக ஒரு முனையம் கட்டித் திறந்தார்கள். கோபுரம் மாதிரி வர்ணம், சுவரெல்லாம் சித்திரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கூரை. எல்லார் கைபேசியிலும் அந்த வீடியோதான். பக்கத்து வீட்டுப் பெண் அக்காவுக்கும் போட்டுக் காட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். "திரும்பப் போடு" என்று நாலு தடவை பார்த்தார். பிறகு எரிச்சலோடு சொன்னார்.

"எல்லாத்தையும் காட்டுறான். ஆளு நிக்கிற எடத்தை மட்டும் காட்ட மாட்டேங்குறானே, பாவிப்பய."

அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கச்சிக்குக் காது மெஷின் வாங்கினார். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. உதிரிப் பழம் பொறுக்கப் போவார், எண்ணெய்க்குப் போடும் செம்பனைக் காட்டில் குனிந்து குனிந்து. அதில் சேர்த்தது. சிரம்பான் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மாட்டப்போகிற ஆளின் காதை அளவு எடுக்காமல் தர மாட்டேன் என்றான் கடைக்காரன். ஆள் இந்தியாவில் இருக்கிறது என்றேன். அப்படியானால் முடியாது என்றான். அக்கா விடவில்லை.

"எனக்கும் அவளுக்கும் ஒரே காதுதான் தம்பி. எங்கம்மா காது. மடல் பெருசு, ஓட்டை சின்னது. என் காதுல எடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் எடுத்துத் தொலையப்பா என்றேன். அக்கா காதில் மெழுகு மாதிரி எதையோ அமுக்கி அச்சு எடுத்தான். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஷின் வந்த மாதத்தில் எனக்குப் பயணம் அமைந்தது. பேத்திக்குச் சமயபுரத்தில் முடி இறக்க வேண்டும். பார்சலை அக்கா என் கையில் கொடுத்தபோது தங்கச்சி மகனுடைய போன் நம்பரை எழுதி மேலேயே ஒட்டியிருந்தார்.

"தம்பி, புதுசுல எங்க நிப்பான்னு எனக்குத் தெரியல. வேற பக்கம்னு மகங்கிட்ட சொல்லியிருக்கேன், அவளுக்கு வெளங்குச்சோ என்னமோ. வெளிய வந்து அவசரப்படாத. ஒரு தே ஓ குடிக்கிற நேரம் நில்லு. இல்லாட்டி பழைய கட்டடத்துப் பக்கம் ஒரு எட்டுப் பாத்துடு. குடையைப் பாரு, போதும்."

"பாக்குறேன்கா. இது ஒரு வேலையா?" என்றேன்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது. புது முனையத்திலிருந்து வெளியே வந்தோம். பேத்தி அழுகிறாள். மருமகளுக்குத் தலைவலி. பேசி வைத்த டாக்சிக்காரன் வந்து, நல்ல நேரம் போய்விடும், ஏறுங்கள் என்று பெட்டியைப் பிடுங்குகிறான். சுற்றுமுற்றும் பார்த்தேன். குடை தெரியவில்லை. ஏறிவிட்டேன். வண்டி வளைந்து பழைய கட்டடத்தைத் தாண்டியது. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த வாசலில், மொட்டை வெயிலில், ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது.

பார்த்தேன். சிவப்புத் துணியையும் பார்த்தேன். "நிறுத்துப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன் சீட்டில் இருந்த நான் சொல்லவில்லை. பெட்டி மேலே கட்டியிருக்கிறது, பார்சல் பெட்டிக்குள்ளே அடியில் இருக்கிறது, இறக்கிப் பிரித்து எடுத்தால் நேரமாகும், நம்பர்தான் இருக்கிறதே, நாளைக்குப் போன் போட்டால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்த 'நாளை' வந்ததும் முடி இறக்கினோம். மறுநாள் பழனி. அதற்கடுத்த நாள் சேலைக்கடை. பத்தாம் நாள், திரும்புகிற அன்று காலையில்தான் பார்சல் ஞாபகம் வந்து போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. பார்சல் என்னோடேயே திரும்பி வந்தது.

சிப்பாங்கில் மத்தியானம் வெளியே வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறார். தொழிலாளர் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்.

"பாத்தியா தம்பி?"

"பாத்தேன்கா." அந்த நேரத்துக்கு அதுதான் வந்தது.

"எந்த எடத்துல நின்னா?"

"புதுக் கட்டடத்துலதான்கா. வெளிய வந்ததும் மூணாவது தூணு."

"மெஷினை மாட்டிப் பாத்தாளா?"

"மாட்டினாங்க. கச்சிதமா உக்காந்துச்சு. அக்கா காதேதான்னு சிரிச்சாங்க."

அவ்வளவு தூரம் போய்விட்டேன். என் மனைவி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அக்கா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"செவ்வாக்கெழம செத்துட்டாடா" என்றார்.

சுற்றிலும் யார் யாரோ யார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீ போன அன்னிக்கு ஆளு வரலன்னு இருட்டுற நேரத்துல வீட்டுக்குத் திரும்புனாளாம். மகன் எனக்குப் போன் போட்டான். நான்தான் சொன்னேன், நம்ம தம்பிதான், சாமி கும்பிடப் போயிருப்பான், நம்பரு வச்சிருக்கான், கட்டாயம் கூப்புடுவான்னு. செவ்வாக்கெழம காலையில அவ எந்திரிக்கல."

என் மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"போனவ போய்ட்டா. ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசமா சொல்லு. அவளைக் கண்ணால பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்கா. டாக்சியில போறப்ப. பழைய வாசல்ல."

"குடை?"

"விரிச்சிருந்தாங்க."

"செவப்புத் துணி?"

"இருந்துச்சுக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார் போல. வேனில் ஏறுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வேண்டாம் என்று பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் காதுக்கென்று செய்தது, வேறு யாருக்கும் பொருந்தாது. நீங்களாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "என் காது நல்லாத்தான் கேக்குது. அதுதான்டா கஷ்டம்" என்றார். அது இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

நான் செய்ததை அவர் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார் என்று நான் பயந்துகொண்டே திரிந்தேன். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வருஷம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். கடைசியாக எழுதிப் போட்ட குடியுரிமை மனுவுக்கு முடியாது என்று பதில் வந்தது, அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எனக்கு மனதில் நிற்பது அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒன்று. கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை. மம்பாவிலிருந்து ஒரு புதுத் தம்பதி அக்காவைத் தேடி வந்திருந்தார்கள். அடுத்த மாதம் திருச்சிக்குப் போகிறார்களாம். அந்தப் பெண் கையில் ஒரு காகிதமும் பேனாவும் வைத்திருந்தாள்.

"அக்கா, அந்தப் புது ஏர்போர்ட்டுல எறங்கி எந்தப் பக்கம் போகணும்? வெளிய ஆளு எங்க நிப்பாங்க? உங்களைக் கேட்டா எல்லாம் தெரியும்னு சொன்னாங்கலா."

நான் நாலடி தள்ளிப் பொங்கல் தொன்னையோடு நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டார்.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் போனதே இல்லையே."